ஐம்பத்தேழாம் பக்கம்

கடித எண் 4 / 1966

செஞ்சி,
6 மார்ச் 1966, ஞாயிற்றுக்கிழமை,
காலை 10 மணி 20 நிமிடம்
(பூசை முடிந்து வந்த பின்).

பொருள்: "காற்றுப் புத்தகம்" நாவல், பக்கம் 1 முதல் 41 வரை.

அன்பு மிக்க பாண்டுரங்கனுக்கு,

பாக்கியசாமி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். நீயும் மகள் ரஞ்சிதமும் மாப்பிள்ளையும் பேரக் குழந்தைகளும் நலமுடன் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

உன் நாவலின் கையெழுத்துப் பிரதி சென்ற மாதம் 26ஆம் தேதி சனிக்கிழமை பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. உடன் இருந்த கடிதத்தில் தேதி இல்லை. இத்தனை ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்பித்த நீ எல்லா வண்ணங்களையும் அறிந்திருக்கிறாய். நாட்காட்டியைத்தான் இன்னும் அறியவில்லை. தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு அறையிலேயே உத்தியோகக் காலத்தைக் கழித்த எனக்கு, தேதியில்லாத காகிதத்தைக் கையில் எடுத்தால் அது இன்னும் எழுதப்படவில்லை என்றே தோன்றுகிறது.

"மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுது" என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். கதையை முதலில் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்.

உன் ஊருக்குப் பெயர் இல்லை. மூன்று மலைகள் மட்டும் உண்டு. (எந்த ஊர் என்று எனக்குத் தெரியாதா?) ஆண்டு 2006. அங்கே அரசாங்கம் எந்தப் புத்தகத்தையும் தடை செய்வதில்லை, எரிப்பதும் இல்லை. ஆனால் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், தம் மனத்தைப் புண்படுத்திய ஒரு வரியை ஆண்டுக்கு ஒருமுறை, நூலகத்தின் எந்தப் புத்தகத்திலிருந்தும் வெட்டி எடுக்க உரிமை உண்டு. ஒரு வரிதான்; அதற்கு மேல் கிடையாது. முப்பது ஆண்டுகளில் புத்தகங்களெல்லாம் சல்லடையாகிவிட்டன. மாலையில் மலைக்காற்று அலமாரிகளுக்குள் புகுந்து துளைகளின் வழியே சீழ்க்கை அடிக்கிறது. ஊரார் அதைச் சங்கீதம் என்று நினைத்து, வாசலில் பாய் விரித்துக் கேட்கிறார்கள்.

துளை என்னும் இந்தக் குறியீடு மிகவும் பொருந்தியிருக்கிறது. இல்லாத ஒன்றை எல்லோரும் காணும்படி செய்துவிட்டாய். முரண்நகையும் நன்று. அந்தச் சட்டத்துக்கு நீ வைத்திருக்கும் பெயர் "மன அமைதிச் சட்டம்". வெட்டுகிறவர்களில் ஒருவர்கூடக் கெட்டவரில்லை. ஏரியில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, நீச்சலைப் பற்றிய ஒரு வரியை வெட்டிக்கொண்டு போகிறாள். அவளை யார் குற்றம் சொல்ல முடியும்? கொடியவன் ஒருவனும் இல்லாத கொடுமை: இதுவே உன் நூலின் கருப்பொருள் என்று கருதுகிறேன். நூலகம் காக்கும் காத்தாயி மட்டும் தன் உரிமையை ஒருமுறைகூடப் பயன்படுத்தாதவள். முதல் அத்தியாயத்திலேயே நூலகச் சுவரில் சங்கிலியில் தொங்கும் பிளேடைக் காட்டிவிட்டாய். அது எப்போது அவள் கைக்கு வருமோ என்ற அச்சம் என்னை இப்போதே பிடித்துக்கொண்டது. முன்னுணர்த்துதல் என்றால் இதுதான்.

நான்காம் அத்தியாயத்தில் அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறாய். மை தீர்ந்துவிட்டதென்று முதலில் நினைத்தேன். மறுமுறை படித்தபோதுதான் அதுவும் எழுத்தே என்று தெரிந்தது.

ஒரு குறை. பக்கம் 12இல் அமாவாசை. பக்கம் 14இல், மறுநாளே, பௌர்ணமி. இதை நான் மன்னிப்பதற்கில்லை.

வெயில் இப்போதே பாறைகளில் ஏறிவிட்டது. ராஜகிரிப் பக்கம் பார்த்தால் கண் கூசுகிறது. முழங்கால் வலி முன்போலவே. ரேஷனில் கோதுமைதான் தருகிறார்கள். சமைத்துக் கொடுக்க வரும் மீனம்பாள் அதைக் கஞ்சியாக்கி வைத்துவிட்டு, "ஐயாவுக்குத் தவக்காலத்துக்கு இது போதும்" என்கிறாள். போதும்தான்.

உன் நண்பன்,
ம. பாக்கியசாமி

இணைப்பு: பிழைத் திருத்தம், தாள் ஒன்று.


பெரம்பூர், சென்னை.
(தேதி வேண்டுமா? ரஞ்சிதத்தைக் கேட்டேன். மார்ச் 10 என்கிறாள்.)

பாக்கியம்,

அமாவாசைக்கு மறுநாள் பௌர்ணமி வைத்தது நான்தான். நடுவில் இருந்த நாட்களை அந்த ஊரில் யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளேன். கோபிக்காதே, திருத்திவிடுகிறேன்.

"கொடியவன் ஒருவனும் இல்லாத கொடுமை." உன் கடிதத்தில் அந்த இடத்தை நாலைந்து தடவை படித்தேன். இரண்டு வருஷமாக நான் எதை எழுதிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே நீ சொல்லித்தான் தெரிகிறது.

இங்கே நடப்பதைக் கேள். பதிப்பகம் வைத்திருக்கும் செல்லப்பன் படித்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அருமை சார். ரெண்டு நாளா தூக்கம் இல்ல. ஒரே ஒரு வரி மட்டும். கடைசியில காத்தாயி அந்தச் சட்டப் புத்தகத்தையே வெட்டுறாளே, அது வாணாம் சார். போன வருஷம் இந்திப் போராட்டத்துல நடந்ததெல்லாம் பாத்தீங்கல்ல. காலம் சரியில்ல." (முடிவை உனக்குச் சொல்லிவிட்டேனே! போகட்டும், தெரியாதவன் மாதிரி படி.)

டைப் அடிக்கிற தேவசகாயம் தலையைச் சொறிந்தான். "சார், அந்தக் குடிகாரன் பேரு எங்க மாமனார் பேரு சார். அந்த வரிய வுட்டுட்டு அடிச்சிக்கினு போவட்டா?" ரஞ்சிதம் சாப்பாடு போடும்போது, "நைனா, அவரு கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்காரு. மந்திரி கொட்டாவி வுடறாருன்னு எழுதிக்கிறியே, அந்த ஒரு வரிய எடுத்துடேன். ஒரு வரியில இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றாள். இன்னா குறைந்துவிடும்? மோர் ஊற்றச் சொன்னேன்.

வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் நாவலைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். யாருக்கும் அந்த ஊரின் சட்டம் நினைவுக்கு வரவில்லை. இதுவரை வரி கேட்காதவன் நீ ஒருவன்தான்.

ஏப்ரல் 11, திங்கட்கிழமை, செல்லப்பனோடு ஒப்பந்தம். நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. இங்கே இருக்கும் நகலிலும் டைப் பிரதியிலும் இப்போதே ஓட்டைகள். உன்னிடம் இருப்பது மட்டுந்தான் முழுசானது. சின்ன வயசில் தொண்டூர்ச் சமணர் பாறைப் படுக்கையில் மல்லாந்துகொண்டு ஒரே புத்தகத்தை நாம் இரண்டு பேரும் தலைக்கு மேல் பிடித்துப் படித்தோமே, நீ முடிக்கும்வரை நான் பக்கத்தைத் திருப்ப மாட்டேன். இப்போதும் அப்படித்தான் காத்திருக்கிறேன். நிதானமாகப் படி. நடுவில் நிறுத்திவிட்டுக் கடிதம் எழுத உட்காராதே.

பாண்டு


கடித எண் 5 / 1966

செஞ்சி,
14 மார்ச் 1966, திங்கட்கிழமை,
பிற்பகல் 3 மணி 5 நிமிடம்.

பொருள்: பக்கம் 57, மேலிருந்து ஒன்பதாம் வரி.

திருவாளர் பாண்டுரங்கன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் 10ஆம் தேதிக் கடிதம் 12ஆம் தேதி கிடைத்தது.

ஏழாம் அத்தியாயத்தில் ஒரு குமாஸ்தா வருகிறார். மக்கள் வெட்டிக் கொண்டுவரும் வரிகளை வாங்கி, ஒவ்வொரு துண்டின் பின்புறமும் தேதியிட்டு, கட்டாகக் கட்டி வைப்பது அவர் வேலை. மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருக்கிறார். வெயில் இல்லாத நாளிலும் குடை எடுத்துச் செல்கிறார். தேதி எழுதாமல் யாரேனும் மனுக் கொடுத்தால் வாங்க மறுக்கிறார். இவர் யார் என்று செஞ்சி பஸ் நிலையத்தில் எவரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள்.

கண்ணாடியை ஏற்கிறேன். குடையையும் ஏற்கிறேன். ஆனால் ஒன்பதாம் வரியில் தாங்கள் எழுதியிருப்பது இது:

"தேதி போடுவதைத் தவிர அவர் வாழ்க்கையில் வேறொன்றும் நிகழ்ந்ததில்லை."

இதை வேறு யார் எழுதியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தாங்களா எழுதுவது? 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், என் மனைவி அருளம்மாள் இறந்தாளே, அது நிகழ்ச்சி இல்லையா? அன்று என் பக்கத்தில் நின்றிருந்தவர் தாங்கள்தான். இந்த எட்டு ஆண்டுகளாக இவ்வீட்டில் பேச்சுக் குரல் இல்லை. அது நிகழ்ச்சி இல்லையா? என்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று எனக்குத் தெரியும். தாங்களும் அவ்வாறே நினைத்திருந்தீர்கள் என்பது இன்றுதான் தெரிந்தது.

அவ்வரிக்கு மேல் என்னால் படிக்க இயலவில்லை. பிரதியைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன்.

தங்கள் நூலிலிருந்து இந்த ஒரு வரியை நீக்கித் தருமாறு வேண்டுகிறேன். மற்றவர்களுக்குத் தாங்கள் காட்டிய இரக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். தங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று, அளவுகோல் வைத்து, சவர பிளேடால், அக்கம்பக்கத்து வரிகளுக்குச் சேதமின்றி நானே அதை வெட்டியெடுத்து, பின்புறம் தேதியிட்டு இத்துடன் அனுப்பியுள்ளேன். ஒரு வரிதான். இதனால் நூலுக்குக் குறைவு எதுவும் நேராது.

இங்ஙனம்,
ம. பாக்கியசாமி

இணைப்பு: வெட்டிய வரி, ஒன்று.


பெரம்பூர், சென்னை,
22 மார்ச் 1966, செவ்வாய்க்கிழமை.
(இந்த முறை தேதி சரியாக இருக்கிறது. நானே பார்த்தேன்.)

பாக்கியம்,

நீ பதினோராவது ஆள்.

உன் கவரைப் பிரித்தபோது அந்தத் துண்டு கீழே விழுந்தது. பேரன் எடுத்துக் கொடுத்தான். பின்னால் திருப்பினேன்: 14-3-1966. கதையில் அந்தக் குமாஸ்தா செய்கிற காரியம். சிரிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

பக்கத்து வீட்டு மாமி கேட்டார், கொடுத்தேன். மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் படித்துப் பார்த்துவிட்டு, "உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்" என்றார், அவருக்கும் கொடுத்தேன். எல்லாரும் நல்லவர்கள். செல்லப்பன் அந்தக் கடைசி வரிக்காக என்னிடம் அழாத குறை. அவருக்கும் பெண் கல்யாணம் நிற்கிறது, அச்சகத்தை மூடினால் என்ன செய்வார்? சரி என்று சொல்லிவிட்டேன். தினமும் யாருக்காவது விளக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது, எடுத்தால் எது சாய்ந்துவிடும் என்று. சொல்லச் சொல்ல எனக்கே அது அவசியமில்லை என்று தோன்ற ஆரம்பிக்கிறது. களைப்பு என்பது அப்படித்தான் வேலை செய்கிறது போலிருக்கிறது.

உன்னிடமும் வாதாட எனக்குத் தெம்பில்லை. குதிரையை வரைந்துவிட்டு அதன் கீழே "இது குதிரை" என்று எழுதிவைக்கிறவனாக நான் இருந்ததில்லை. பிள்ளைகளிடம்கூட அதை ஒத்துக்கொண்டதில்லை.

பத்துப் பேருக்குக் கொடுத்தேன். உனக்கு இல்லையென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வரி உன்னுடையது. அந்தத் துண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், உன்னிடமே இருக்கட்டும். பிரதியை அனுப்பிவிடு. 11ஆம் தேதி மிச்சமிருப்பதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிவிடலாம் என்றிருக்கிறேன். கதைக்கும், கடிதத்துக்கும்.

ஒன்று மட்டும். இத்தனை வருஷத்தில் நீ என்னைத் "தாங்கள்" என்று எழுதியது இதுதான் முதல் தடவை. எனக்கும் அப்படி ஓர் உரிமை இருந்தால், இந்த வருஷத்து உரிமையை அந்தச் சொல் வருகிற வரிக்குத்தான் செலவழிப்பேன்.

பாண்டு


கடித எண் 6 / 1966

செஞ்சி,
2 ஏப்ரல் 1966, சனிக்கிழமை.
(நேரம் பார்க்கவில்லை.)

பொருள்: கடித எண் 5ஐத் திரும்பப் பெறுதல்.

அன்பு மிக்க பாண்டுரங்கா,

உன் கடிதம் 24ஆம் தேதியே கிடைத்தது. ஒரு வாரம் பிரதியைத் தொடவில்லை. நேற்றுப் பிற்பகல்தான் தபாலுக்குக் கட்டலாமென்று அலமாரியிலிருந்து எடுத்தேன். மேலே இருந்த, படித்து முடித்த பக்கங்களை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைத் தட்டி விளிம்பு சேர்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தேழாம் பக்கம் மேலாக இருந்தது. மீனம்பாள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் நின்றுவிட்டாள்.

"இன்னாங்க ஐயா, காயிதத்துல ஜன்னலு வெச்சிக்கிறீங்க?"

"நண்பர் எழுதியதில் ஒரு வரி சரியில்லை. எடுத்துவிட்டேன்."

"எடுத்துட்டேன்றீங்க, அங்க எழுத்து இருக்குதே?"

"அது அடியில் இருக்கும் அடுத்த தாளின் எழுத்து."

"அப்ப அதுனாச்சும் சரியா இருக்குதா, இல்ல அதுக்கும் ஒரு ஜன்னலா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கவே குனிந்தேன். ஐம்பத்தெட்டாம் பக்கத்தின் ஒன்பதாம் வரி, நான் வெட்டிய அளவுக்குச் சரியாக, அந்தத் துளையில் நின்றுகொண்டிருந்தது:

"அவள் மூச்சு நின்ற நேரத்தை மட்டும் அவர் எங்கும் குறிக்கவில்லை."

கதவைச் சாத்திவிட்டு அமர்ந்தேன். ஐம்பத்தெட்டாம் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து முடித்தேன். கஞ்சி அப்படியே இருந்தது.

உன்னிடம் சொல்ல வேண்டியதை என்னால் இயன்ற ஒழுங்கில் சொல்கிறேன். ஐம்பத்தேழாம் பக்கத்து வரி ஒரு பொய். ஊர் அந்தக் குமாஸ்தாவைப் பற்றிச் சொல்லும் பொய்யை நூலாசிரியன் தன் வாயால் சொல்கிறான். பக்கம் திரும்பியதும் அவனே அதை உடைக்கிறான். நான் அந்தப் பொய்யை வெட்டிவிட்டேன். அதன் பின் உடைவதற்கு எதுவுமில்லை. மனைவி இறந்த நேரத்தைக் குறிக்காத ஒரு கிழவர் மட்டும் நிற்கிறார். அவர் மறந்துவிட்டார் என்றுதான் படிப்பவர்கள் நினைப்பார்கள். முரண்நகையைப் பற்றி உனக்கு எழுதிய நான், அது என் மேல் வந்து உட்கார்ந்தபோது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நடுவில் நிறுத்திவிட்டுக் கடிதம் எழுத உட்காராதே என்று நீ எழுதியிருந்தாய். சரியாக அதைத்தான் செய்தேன்.

இறுதி அத்தியாயத்தில் காத்தாயி, தான் சேர்த்துவைத்த ஆண்டுகளின் உரிமையையெல்லாம் ஒன்றாகத் திரட்டிச் சட்டத்தின் முதல் வரியை வெட்டி, அந்தத் துண்டைக் குமாஸ்தாவிடம் நீட்டுகிறாள். அவர் பேனாவை எடுக்கிறார். பிறகு கீழே வைத்துவிடுகிறார். தேதியிடாத இரண்டாவது நிகழ்ச்சி. நீ அதற்குக் காரணம் எழுதவில்லை. நல்லது. குதிரையின் கீழே குதிரை என்று எழுத வேண்டியதில்லை.

17 ஆகஸ்டு 1958, ஞாயிற்றுக்கிழமை. சாமியார் என்னிடம் அவள் மூச்சு நின்ற நேரத்தைக் கேட்டார். கடிகாரம் என் சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. "விடியறதுக்குக் கொஞ்சம் முன்னால, சாமி" என்று நீதான் சொன்னாய். நீ அதைக் கவனித்தாய் என்று நான் நினைக்கவே இல்லை. எட்டு ஆண்டுகள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்துவிட்டு, பெயரில்லாத ஓர் ஊரில் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். என் கடிதத்துக்குப் பதிலாக "அடுத்த பக்கத்தைப் படி" என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். அதையும் நீ செய்யவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

மற்றப் பத்துப் பேரின் வரிகளைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. செல்லப்பனுக்கு அச்சகம் இருக்கிறது. ரஞ்சிதம் வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டும். 11ஆம் தேதி நீ கையெழுத்திட்டாலும் சரி, இடாவிட்டாலும் சரி, நான் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். உனக்குக் களைப்பு, எனக்கும்தான். எவரும் தொடாத பிரதி ஒன்று இருந்தது, அதை நான் கெடுத்தேன். இயன்றவரை ஒட்டியிருக்கிறேன். அதற்குப் பின் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒட்டின் கோடு தெரியத்தான் செய்கிறது. படிக்க முடிகிறது.

அமாவாசைப் பிழை பிழைதான். அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

நாளை குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்குப் போய்வந்து, வெயில் தாழ்ந்ததும் கல்லறைப் பக்கம் போகலாமென்று இருக்கிறேன். பேனாவை மூடிவிட்டால் உன் விருப்பம். நான் மட்டும் எழுதிக்கொண்டிருப்பேன். என் கடிதங்களுக்கு நீ தேதி போட்டுப் பதில் எழுதிய வழக்கம் எப்போதுமே இல்லையே.

என்றும் உன்,
பாக்கியம்

இணைப்புகள்:

1. "காற்றுப் புத்தகம்", கையெழுத்துப் பிரதி, முழுமையாக. பக்கம் 57இல் ஓர் ஒட்டு உண்டு. ரேஷன் கோதுமைப் பசை. மழைக்காலத்தில் பூச்சி வராமல் பார்த்துக்கொள்.

2. அந்த வரியின் பின்புறம் நான் இட்ட தேதியை அழித்துவிட்டேன். அழித்த அடையாளம் இருக்கும்.

3. என் 14-3-1966 கடிதத்தின் நகல், குறுக்கே கோடிட்டது. "தாங்கள்" வரும் இடங்கள் தனித்தனியாக அடிக்கப்பட்டுள்ளன.

4. சவர பிளேடு ஒன்று, காகிதத்தில் சுற்றியது. பேரன் கையில் படாமல் எடு.

5. தனித் தாளில் ஒரு வரி. பக்கம் 58இல் குமாஸ்தாவின் மனைவிக்கு நீ பெயர் வைக்கவில்லை. இடம் இருந்தால், நீ விரும்பினால், சேர்த்துக்கொள்ளலாம்:

"அவள் பெயர் அருளம்மாள்."